சூடு ஆற விசிறிய கைகள்

1864-ஆம் ஆண்டு. வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்திலுள்ள ஜெயராம்பாடி கிராமத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் பஞ்சம் பீடித்திருந்தது. அவ்வூரில் புரோகிதமும் சிறிது விவசாயமும் செய்து வாழ்ந்தவர் ராமசந்திர முகர்ஜி. அவர் வசதி படைத்தவர் அல்லர். முந்தைய ஆண்டின் விளைச்சலில் மிஞ்சிய நெல் மட்டும் அவரது வீட்டில் இருந்தது. நாளைக்கு என்று அதைப் பூட்டி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பானை பானையாகக் கிச்சடி சமைக்கச் செய்து, தேடி வந்தவர்களுக்கெல்லாம் வழங்கினார்.

வந்தவர்களின் பசி கொடியது. மாட்டுக்கென்று தொட்டியில் ஊறப்போட்டிருந்த தவிட்டையே அள்ளித் தின்ற பெண் ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். அத்தகையோருக்குச் சோறு ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை எப்படி வரும்? பரிமாறிய உடனே கையை வைத்தார்கள், கிச்சடியோ கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்ட ராமசந்திரரின் மகள், பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, இரு கைகளாலும் விசிறியைப் பிடித்து அந்த உணவின்மேல் விசிறிக்கொண்டே இருந்தாள். பின்னாளில் அன்னை ஸ்ரீசாரதாதேவி என்று உலகம் போற்றியது அந்தச் சிறுமியைத்தான்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செயல்கள் உள்ளன. தந்தை உணவளித்தார், மகள் அதை ஆற்றிக் கொடுத்தாள். தந்தையின் ஈகை இல்லாவிட்டால் மகளின் விசிறிக்கு வேலையே இல்லை. ஆகவே அது பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறுமியின் செயலில் தனியாக எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. பசித்தவருக்கு வாயும் நாவும் உண்டு, அவை சுடும் என்று அவள் கண்டாள். கூட்டத்தை அவள் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். அன்றாட வாழ்வில் அன்பையும் கருணையையும் கடைப்பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு இந்த விசிறியிலிருந்து விடை தேடத் தொடங்கலாம்.

அன்பைப் பழக முடியுமா?

அன்பு செய்யுங்கள் என்று எல்லாச் சமயங்களும் கூறுகின்றன. இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. அன்பு என்பது ஓர் உணர்ச்சி. உணர்ச்சி கட்டளைக்குக் கட்டுப்படுமா? ஒருவரைக் கண்டதும் உள்ளம் உருகினால் அது அன்பு. உருகாதபோது, உருகு என்று மனத்துக்கு ஆணையிடுவதால் என்ன பயன்? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1785-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அறவியல் நூலில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். மனச்சாய்வாகத் தோன்றும் அன்பைக் கட்டளையிட முடியாது, கடமையுணர்வால் பிறருக்கு நன்மை செய்வதை மட்டுமே கட்டளையிட முடியும் என்பது அவரது முடிவு. உள்ளத்தில் கனிவு இல்லாவிட்டாலும் கை உதவட்டும் என்பது அதன் சாரம்.

இந்தியச் சிந்தனை இதை ஏற்று, இதற்கு அப்பாலும் ஓரடி வைக்கிறது. கை உதவட்டும்; உதவ உதவ உள்ளமும் கனியும் என்பது அதன் நம்பிக்கை. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரங்களில் நான்கு மனப்பான்மைகளைப் பயிலச் சொல்கிறார்: இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீமை செய்வோரிடம் வெறுப்புக் கொள்ளாத விலகல். இவை தாமாகத் தோன்றட்டும் என்று அவர் காத்திருக்கச் சொல்லவில்லை. மூச்சுப் பயிற்சியையும் மன ஒருமைப்பாட்டையும் போல இவற்றையும் திரும்பத் திரும்பப் பயிலவேண்டும் என்றே கருதுகிறார். அதன் பயன் மனத்தின் தெளிவு. கருணையால் முதலில் நன்மை பெறுவது கருணை கொண்டவனின் மனமே.

உள்ளே கனிவு இல்லாமல் வெளியே கனிவாக நடப்பது பாசாங்கு ஆகாதா என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பாசாங்கு செய்பவன் பிறர் காணவேண்டும் என்பதற்காக நடிக்கிறான். யாரும் இல்லாத இடத்தில் அவனது கனிவு மறைந்துவிடுகிறது. சாதகனோ தான் மாறவேண்டும் என்பதற்காக முயல்கிறான். யாரும் காணாத இடத்தில்தான் அவனது முயற்சி அதிகம் தேவைப்படுகிறது. வீணை பயிலும் குழந்தையின் விரல்கள் முதலில் அபசுரமாகவே எழுப்புகின்றன. அதைப் பொய் இசை என்று யாரும் சொல்வதில்லை.

அன்புபோல் தோன்றுவது

பழகும்போது எதைப் பழகுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் வாழ்ந்து, விசுத்திமக்கம் என்ற பாலி நூலை இயற்றிய புத்தகோஷர் இதை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். ஒவ்வொரு நற்குணத்திற்கும் தொலைவில் ஒரு பகைவனும் அருகில் ஒரு பகைவனும் உண்டு என்கிறார் அவர். அன்புக்குத் தொலைவிலுள்ள பகை வெறுப்பு. அருகிலுள்ள பகை பற்று. கருணைக்குத் தொலைவிலுள்ள பகை கொடுமை. அருகிலுள்ள பகை, பிறர் துயரைக் கண்டு தானும் சோர்ந்து விழும் துக்கம். தொலைவிலுள்ள பகைவனை எளிதில் அடையாளம் காணலாம். அருகில் இருப்பவனோ நண்பனின் உடையில் வருகிறான்.

ஸ்ரீராமகிருஷ்ணரும் இந்த வேறுபாட்டை மாயை, தயை என்ற இரு சொற்களால் விளக்கினார். பெற்றோர், மனைவி, மக்கள், உற்றார் என்று தன்னவரிடம் மட்டும் வைக்கும் பாசம் மாயை. எல்லா உயிர்களிடமும் சமமாகப் பரவும் அன்பு தயை. முன்னது மனிதனைக் கட்டுகிறது, பின்னது அவனை இறைவனிடம் இட்டுச் செல்கிறது. தன் பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் இரவெல்லாம் உறங்காத தாய், தன் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பிள்ளை பள்ளிக்கே செல்லவில்லை என்பதை அறியாமலே இருக்கக்கூடும். அவளிடம் அன்பு இல்லாமல் இல்லை. அது ஒரு வேலிக்குள் நிற்கிறது. சாதனை என்பது அந்த வேலியைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைப்பதே. உள்ளே இருப்பவர்களிடம் அன்பைக் குறைப்பது அல்ல.

கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனின் இலக்கணம் கூறவந்த பகவான், எவ்வுயிரையும் வெறாமை, நட்பு, கருணை ஆகியவற்றைச் சொன்ன கையோடு, 'எனது', 'நான்' என்ற எண்ணங்கள் இன்மையையும் சேர்த்துச் சொல்கிறார். இந்த வரிசை தற்செயலானது அன்று. 'எனது' என்ற எண்ணம் கலந்தால் அன்பு பற்றாகிறது. 'நான்' என்ற எண்ணம் கலந்தால் கருணை ஆணவமாகிறது.

கருணை காட்ட நாம் யார்?

கருணையில் ஆணவமா என்று வியப்பு எழலாம். 1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. வைணவ நெறியின் மூன்று கடமைகளைப் பக்தர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் ஸ்ரீராமகிருஷ்ணர். இறைநாமத்தில் சுவை, ஜீவர்களிடம் தயை, அடியார் வழிபாடு என்பவை அவை. ஜீவர்களிடம் தயை என்ற இடத்திற்கு வந்ததும் அவர் சமாதியில் ஆழ்ந்தார். சற்றே புறவுணர்வு திரும்பியபோது, புழுவினும் சிறிய மனிதன் பிறரிடம் தயை காட்டுவதாவது என்று தம்மையே கேட்டுக்கொள்பவர்போலப் பேசினார். தயை அன்று, ஜீவனைச் சிவமாகக் கண்டு செய்யும் சேவையே தகும் என்பது அவரது கருத்து. அறையில் இருந்த பலரும் அதைக் கேட்டனர். அதன் ஆழத்தைக் கண்டு, வெளியே வந்து வியந்து பேசியவர் நரேந்திரர் ஒருவரே. 1897-ஆம் ஆண்டு மே முதல் நாள் சுவாமி விவேகானந்தராக அவர் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷனின் வித்து அந்த அறையில் விழுந்தது.

கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்ற படிநிலை, பெரும்பாலும் கொடுப்பவனுக்கே தெரியாமல் ஈகைக்குள் நுழைந்துவிடுகிறது. வெள்ள நிவாரணமாக ஒரு போர்வையைக் கொடுக்கும்போது, பெறுபவர் புகைப்படத்திற்காகத் தலைநிமிர்ந்து நிற்கவேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் அவர் கூசுகிறார் என்பதைப் புகைப்படம் எடுப்பவர் கவனிப்பதில்லை. போர்வை குளிரைப் போக்கும், கூச்சத்தைப் போக்காது.

1868-ஆம் ஆண்டு மதுர்பாபுவுடன் தீர்த்த யாத்திரை சென்ற ஸ்ரீராமகிருஷ்ணர், வழியில் தேவ்கர் வைத்தியநாதத்திற்கு அருகே ஒரு கிராமத்து மக்களின் வறுமையைக் கண்டார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தலைக்கு எண்ணெயும், உடுத்த ஒரு துணியும், வயிறார ஒரு வேளை உணவும் கொடுக்குமாறு மதுர்பாபுவிடம் கேட்டார். யாத்திரைச் செலவை எண்ணி மதுர் தயங்கினார். அவ்வளவுதான், காசிக்கு வரப்போவதில்லை, தமக்கென்று யாருமற்ற இவர்களுடனேயே இருந்துவிடுகிறேன் என்று கூறி அம்மக்களிடையே போய் அமர்ந்துவிட்டார். பிறகு கல்கத்தாவிலிருந்து துணிகள் வந்தன. அனைவருக்கும் எல்லாம் கிடைத்தன. அதன்பின்பே யாத்திரை தொடர்ந்தது. உணவும் துணியும் உயிர் வாழத் தேவையானவை. எண்ணெய் எதற்கு? வறண்டு சடைபிடித்த தலையோடு இருப்பவருக்கு எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை மீண்டும் மனிதராக உணரும் உணர்வைத் தருகிறது. ஜெயராம்பாடியின் விசிறியும் வைத்தியநாதத்தின் எண்ணெயும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை.

எளிய மனிதனுக்கு எல்லோரிடமும் சிவனைக் காணும் அனுபூதி எங்கே வாய்க்கும் என்று கேட்கலாம். அனுபூதி பின்னர் வரட்டும். அதற்குரிய நடத்தையை இன்றே தொடங்கலாம். கோயிலில் கற்பூரத் தட்டை நீட்டுபவர், தெய்வத்திற்கு நாம் உதவுகிறோம் என்று எண்ணுவதில்லை. நைவேத்தியத்தை வீசி எறிவதில்லை. அந்த மரியாதையை ஒரு கவளம் சோறு கொடுக்கும்போதும், ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போதும் கடைப்பிடிக்கத் தடையொன்றும் இல்லை.

ராமகிருஷ்ண மிஷனின் பஞ்ச நிவாரணப் பணியும் இவ்வாறு சிறிய அளவிலேயே தொடங்கியது. 1897-இல் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தார் சுவாமி அகண்டானந்தர். மண்குடம் உடைந்துபோனதால் வீட்டுக்குச் செல்ல அஞ்சி அழுதுகொண்டிருந்த ஓர் ஏழை முஸ்லிம் சிறுமியை வழியில் கண்டார். கையிலிருந்த சில நாணயங்களைக் கொண்டு அவளுக்குப் புதுக்குடம் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் பசித்த குழந்தைகள் பலர் சூழ்ந்துகொண்டனர். எஞ்சிய காசில் அவர்களுக்குத் தின்பதற்கு வாங்கினார். அதன்பின் அவரால் அந்தப் பகுதியைவிட்டுப் போக முடியவில்லை. மஹுலாவில் நிவாரணப் பணி தொடங்கியது. பஞ்சத்தைப் போக்கப் புறப்பட்டவர் அல்லர் அவர். அழுத குழந்தையிடம் ஏன் அழுகிறாய் என்று நின்று கேட்டவர்.

வீட்டிற்குள் ஒரு தபோவனம்

தொலைவில் உள்ளவர்களிடம் கருணை கொள்வது ஒருவகையில் எளிது. அவர்கள் நம் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. ஒரே குறையைப் பத்து முறை சொல்வதில்லை. சொந்த வீட்டில்தான் அன்பு சோதிக்கப்படுகிறது. அனாதை இல்லத்திற்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் ஒருவர், நினைவு மங்கிய தம் தாயார் நான்காவது முறையாக மணி என்னவென்று கேட்கும்போது பற்களைக் கடிக்கிறார். அவர் போலியானவர் அல்லர், களைத்தவர். ஆனால் அந்தத் தாய்க்குக் கிடைப்பது அவருடைய நன்கொடை ரசீது அன்று, அந்தக் கடிந்த பற்களே.

அன்னையின் வாழ்வில் இத்தகைய சோதனை ஓரிரு நாட்களில் முடிந்துவிடவில்லை. அவரது கடைசித் தம்பி அபயர் 1899-ஆம் ஆண்டு இறக்கும்போது, தம் மனைவியைக் கவனித்துக்கொள்ளுமாறு அன்னையிடம் வேண்டினார். அந்த அதிர்ச்சியில் மனைவி சுரபாலாவின் மனநிலை பிறழ்ந்தது. 1900-இல் பிறந்த குழந்தை ராதுவை அன்னையே வளர்த்தார். ராது உடல்நலமும் மனநலமும் குன்றியவளாக, பிடிவாதமும் கோபமும் மிக்கவளாக வளர்ந்தாள். ஒரு நாள் காய்கறிக் கூடையிலிருந்து பெரிய கத்தரிக்காய் ஒன்றை எடுத்து ஓங்கி அன்னையின்மேல் எறிந்தாள். முதுகில் பட்ட அடியில் அன்னை வலியால் வளைந்தார். பட்ட இடம் வீங்கியது. அவர் ஸ்ரீராமகிருஷ்ணரின் படத்தை நோக்கிக் கைகூப்பி, அறிவற்ற அவளது பிழையைப் பொறுத்தருளுமாறு வேண்டினார். பிறகு தம் பாதத் தூசியை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

இதை ஒரு மகானின் அற்புதப் பொறுமை என்று வணங்கிவிட்டு நகர்ந்துவிடலாகாது. வலி வந்தது, அதை அன்னை மறுக்கவில்லை. ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருநாளும் தம்மைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்று ராதுவிடம் வருந்திக் கூறவும் செய்தார். ஆனால் வலிக்கும் பதிலுக்கும் இடையே அவரது கண்கள் இறைவனிடம் திரும்பின. அந்த ஒரு கணம் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது. கோபத்திற்கும் சொல்லுக்கும் நடுவே இறைவனை நினைக்கும் அளவு ஓர் இடைவெளியை உண்டாக்கிக்கொள்வதே இல்லறத்தானின் தவம். மணியைக் கேட்கும் தாய் உண்மையில் மணியைக் கேட்கவில்லை. அருகில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். இதை உணர்ந்தவருக்கு நான்காவது விடை முதல் விடையைப்போலவே எளிதாகலாம். ஆகாத நாட்களும் உண்டு. அந்நாட்களில் பாரத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வதும் கருணையின் ஒரு பகுதியே. களைத்த கைக்கும் ஓய்வு வேண்டும்.

அம்ஜத் உண்ட இலை

ஜெயராம்பாடிக்கு அருகே சிரோமணிபுரம் என்ற ஊர். அங்கிருந்த முஸ்லிம்கள் பலர் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தவர்கள். அயல்நாட்டுப் பட்டின் போட்டியால் அத்தொழில் நசிந்தபோது அவர்களுட் பலர் கொள்ளையில் இறங்கினர். ஊரார் அவர்களைக் கண்டு அஞ்சினர். அன்னைக்கு ஜெயராம்பாடியில் புதிய வீடு கட்டியபோது அவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவர்களுள் ஒருவர் அம்ஜத்.

ஒரு நாள் அம்ஜத் அன்னையின் வீட்டில் உண்ண அமர்ந்தார். அன்னையின் தம்பி மகள் நளினி, தீட்டுக்கு அஞ்சி எட்ட நின்று உணவை வீசுவதுபோலப் பரிமாறினாள். அப்படிப் பரிமாறினால் ஒருவருக்கு உணவில் மனம் செல்லுமா என்று கடிந்துகொண்டு அன்னையே பரிமாறினார். உண்டு முடிந்ததும் அந்த இடத்தைத் தம் கையாலேயே சுத்தம் செய்தார். ஜாதி போய்விட்டதே என்று நளினி பதறியபோது, ராமகிருஷ்ண சங்கத்தின் பெரும் துறவியான சரத் எப்படித் தம் பிள்ளையோ, அப்படியே அம்ஜத்தும் தம் பிள்ளை என்று கூறிவிட்டார்.

அந்தக் காலத்து வங்கக் கிராமத்தில் ஒரு பிராமண விதவை இதைச் செய்வது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று அந்தக் கட்டுப்பாடுகள் சட்டத்தில் இல்லை. ஆயினும் சமையலறை மேடையின் ஓரத்தில், வேலை செய்யும் பெண்ணுக்கென்று ஒதுக்கிய தனிக் குவளை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் குவளையில் தேநீர் தாராளமாகவே ஊற்றப்படுகிறது. பண்டிகைக்குப் புடவையும் தரப்படுகிறது. கொடுப்பதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் குவளையைக் கையில் எடுக்கும்போது தன் இடம் எது என்று நினைவூட்டப்படுகிறாள். பூஜையறையில் அன்னையின் படத்திற்குப் பூச்சூட்டும் வீடாக அது இருந்தால், நளினியின் இடத்தில் நிற்பது யார் என்று அவ்வீட்டார் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

சீற்றமும் கருணையே

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதே கருணை என்று கொள்வதும் பிழை. பாம்புக்கு உபதேசம் செய்த பிரம்மசாரியின் கதையை ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி கூறுவார். கடிப்பதை விட்டுவிட்ட பாம்பைச் சிறுவர்கள் அடித்துக் குற்றுயிராக்கினர். திரும்பி வந்த குரு, கடிக்கத்தான் கூடாது, சீறக்கூடாது என்று யார் சொன்னது என்று அதைக் கேட்டார். மனநிலை பிறழ்ந்த ஹரீஷ் என்ற பக்தர் காமார்புகூரில் துரத்தி வந்தபோது, அன்னையும் அவரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, கன்னத்தில் அறைந்து அடக்கினார். ராதுவின் தலையில் பாதத் தூசியை வைத்த அதே கைதான் அது. தீங்கைத் தடுப்பதும் தீங்கு செய்பவரை வெறுக்காதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அடக்கியபின் மனத்தில் நஞ்சு தங்கியிருக்கிறதா என்பதே சோதனை.

நாள்தோறும் ஒரு விசிறல்

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. காலையில் ஜபத்திற்கு அமரும்போது, அன்று சந்திக்கப்போகும் கடினமான ஒருவரை நினைத்து, அவருள்ளும் இறைவன் உறைகிறான் என்று மனத்தால் வணங்கலாம். பகலில் ஏதேனும் ஒரு கொடுக்கல் வாங்கலில், கடைக்காரரிடமோ காவலாளியிடமோ, முகத்தைப் பார்த்துப் பேசலாம். இரவில் படுக்குமுன், யாரிடம் கடுமையாக நடந்தோம் என்று ஒருமுறை எண்ணி, மறுநாள் அவரிடமே சென்று ஓர் இன்சொல் கூறலாம். எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சியே இதில் முக்கியம்.

1920-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள் அன்னை மகாசமாதி அடைந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, படுக்கையருகே அழுதுகொண்டிருந்த பக்தை ஒருவருக்கு அவர் கூறிய அறிவுரை ஒரு பெரிய சாஸ்திரத்தின் சுருக்கம். மன அமைதி வேண்டுமானால் பிறர் குறையை நோக்காமல் தன் குறையை நோக்கவேண்டும். உலகில் அன்னியர் என்று யாரும் இல்லை. உலகையே தன்னுடையதாக்கிக்கொள்ளக் கற்கவேண்டும் என்பது அதன் கருத்து. கற்கவேண்டும் என்றே அவர் கூறினார் என்பது கவனத்திற்குரியது. அன்பு பயின்று அடையவேண்டிய ஒன்று என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தப் பாடத்தை அவர் தொடங்கியது, பஞ்ச காலத்தில், ஒரு விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டபோது.